கம்பெனிகிட்ட சட்ட உதவிக்கு நிதி கேக்கப் போன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

நொய்யல்கரை (திருப்பூர்):
இது மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்குதுங்க, அதான் எழுதறேன். நாங்க நடத்தறது சின்ன டிரஸ்ட். பி.எஃப். பணம் வராதவங்க, கிராஜுவிட்டிக்கு அலையறவங்க, மெஷின்ல கை போனவங்க, வீட்டுல அடி தாங்காம வர்ற பொம்பளைக, இவங்க கேஸ்கதான் வரும். வக்கீல் சம்பளம், வாய்தாவுக்குப் பஸ் காசு, ஜெராக்ஸ், செலவு பூரா இதுலயே போயிரும். வெளியில இருந்து வந்த நிதி நின்னு போச்சு. உள்ளூர்லயே கேக்கலாம்னு ஒரு பெரிய எக்ஸ்போர்ட்டர் ஆபீசுக்குப் போனேன்.

மனுசன் நல்லவருங்க, அத மொதல்லயே சொல்லிர்றேன். டீ சொல்லிட்டு ஃபைல முழுசாப் படிச்சாரு. பாதிப் பேரு அட்டையக்கூடத் தொறக்க மாட்டாங்க. 'தொழிலாளர் வழக்குகள்'ங்கற வரி வந்ததும் சட்டைப் பையில இருந்து பென்சில எடுத்து, அதுக்கடியில மெல்லிசா ஒரு கோடு போட்டாரு. கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சாரு.

"ஏனுங்க தம்பி, நாளைக்கு என்ற கம்பெனில டைலரா இருக்கற புள்ளையே உங்ககிட்ட வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

"எடுத்து நடத்துவமுங்க"ன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

"பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு டெஸ்க்குன்னா சொல்லுங்க, நாளைக்கே எறக்கிர்றேன். இது வேண்டாமுங்க"ன்னு சொல்லி, வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சாரு. அவர் கேட்டதுல தப்பில்ல. நான் சொன்னதுலயும் தப்பில்ல. அப்பறம் எந்த வழியிலதான் போறது?

ஆடிட்டர் ஆபீஸ், ஈரோடு:
எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு கிளையண்ட் கம்பெனியில சி.எஸ்.ஆர். பணம், அதாவது லாபத்துல சமூகப் பணிக்குன்னு ஒதுக்கற பணம், மிச்சம் நின்னுது, மார்ச் கடைசி. ஒரு சட்ட உதவி மையத்தோட திட்டத்த நானே கொண்டுபோய் வெச்சேன். ஃபைனான்ஸ் மேனேஜர் 'வக்கீல் சம்பளம்'ங்கற எடத்துல விரல வெச்சாரு. "இது அட்மின் செலவு, 5 சதவீதத்தத் தாண்டக் கூடாது"ன்னு ஃபைலயே திருப்பிக் குடுத்துட்டாரு. நான் சொன்னது காதுல ஏறல.

அவர் சொன்னது தப்பு. அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் ஆபீசுக்குள்ள சி.எஸ்.ஆர். வேலைய நிர்வாகம் பண்ற செலவுக்குத்தான். திட்டத்த நடத்தறதுக்கு நேரடியா ஆகற செலவு அதுல சேராது. சட்ட உதவித் திட்டத்துல வக்கீல் சம்பளந்தானே முக்கால்வாசித் திட்டம்?

நொய்யல்கரை, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிர்றேன். மொதல்ல சி.எஸ்.ஆர். யாருக்குக் கட்டாயம்னு பாருங்க. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, இல்லைன்னா விற்றுமுதல் 1000 கோடி, இல்லைன்னா நிகர லாபம் 5 கோடி, இதுல ஒண்ணு இருந்தாப் போதும். முந்தின மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியாகணும். நம்ம பக்கம் நெறையப் பேரு பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர். அவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அங்க போய் சி.எஸ்.ஆர்.னு பேசுனா முழிப்பாங்க. அவங்ககிட்ட நன்கொடைக்கு வரிக் கழிவு தர்ற ரசீதப் (80ஜி-ன்னு சொல்வாங்களே) பத்திப் பேசுங்க. ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல வாங்காதீங்க, குடுக்கறவருக்கு வரிக் கழிவு கிடைக்காது.

சி.எஸ்.ஆர்.-1 (சி.எஸ்.ஆர். பணம் வாங்கற டிரஸ்ட் மத்திய அரசுகிட்டப் பண்ற பதிவு) பண்ணியாச்சா? 2021 ஏப்ரல் 1-ல இருந்து அது இல்லாம கம்பெனியால உங்களுக்குச் சி.எஸ்.ஆர். பணம் தர முடியாது. அடுத்தது, எந்தெந்த வேலைக்கு சி.எஸ்.ஆர். பணம் போகலாம்னு சொல்ற அட்டவணை 7 அந்தச் சட்டத்துலயே இருக்கு, அதுல 'சட்ட உதவி'ன்னு தனி வரி கிடையாது. பெண்கள் முன்னேற்றம், பின்தங்கினவங்க ஏற்றத்தாழ்வக் குறைக்கறது, இந்த வரிகளுக்குள்ளதான் உக்கார வெக்கணும். அட்டவணைய தாராளமாப் பொருள் கொள்ளணும்னு மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25-ல விட்ட சுற்றறிக்கையிலயே இருக்கு. அத ஒரு காப்பி ஃபைல்ல வெச்சுக்குங்க.

மார்ச்ல போனா ஏற்கெனவே முடிவான திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிட்டு இருப்பாங்க. ஏப்ரல், மே-ல போங்க.

அந்த முதலாளியோட கேள்விக்கு விதியிலயே பாதிப் பதில் இருக்கு. ஒரு கம்பெனி தன் தொழிலாளிகளுக்குன்னு மட்டும் செலவு பண்றது சி.எஸ்.ஆர். கணக்குல வராது. அதனால அவர் ஆளுக வந்தா வேற நிதில நடத்துவோம், உங்க பணத்தத் தொட மாட்டோம்னு எழுத்துலயே குடுக்கலாம்.

அணைப்பக்கத்துக்காரன்:
ஆடிட்டர் சொல்றது கணக்குக்குச் சரி, ஆனா எனக்கு ஒத்துவரல. எங்க தோட்டம் ஒரத்துப்பாளையம் பக்கம். அங்க நொய்யல் ஆத்துல 1992-ல கட்டுன அணை இருக்கு. பாசனத்துக்குன்னு கட்டுனாங்க, தேங்குனது சாயத் தண்ணி. எங்கப்பா வாய்க்காத் தண்ணிய உள்ளங்கையில எடுத்து என் மூக்குக்கிட்ட நீட்டுனது இன்னும் ஞாபகத்துல இருக்கு. காஞ்ச பொறகு கையில வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்துச்சு.

நொய்யல் விவசாயிக கோர்ட்டுக்குப் போய்த்தான் 2011 ஜனவரில சென்னை ஹைகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு. வக்கீல் ஃபீசுக்கு எங்க ஊர்ல தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணுனதப் பாத்தவன் நான். அந்தப் பணம் பட்டறைக்காரங்ககிட்ட இருந்து வந்திருந்தா அந்தக் கேஸ் கடைசி வரைக்கும் நின்னிருக்குமா? குடுக்கறவர் நல்லவராவே இருக்கட்டும். அவர் முகம் வாடுமேன்னு ஒரு வக்கீல் ஒரு வாய்தா தள்ளுனாப் போதும், கேஸ் போட்டவன் காலம் போயிரும்.

கோவை, பம்ப் கம்பெனி லீகல்:
பணம் மட்டுந்தான் ஒத்தாசையா? நான் முழுநேரச் சம்பளத்துல இருக்கறவன். பார் கவுன்சில் விதி 49 படி என்னால கோர்ட்டுல ஆஜராக முடியாது. அதனால நானும் எங்க எச்.ஆர். ஆளும் ஞாயித்துக்கெழமை ஒரு டிரஸ்ட் முகாமுக்குப் போனோம்.

ஒரு அம்மா வந்தாங்க, ஸ்பின்னிங் மில்லுல இருந்தவங்க. ஆதார்ல ஒரு பேரு, பி.எஃப். கணக்குல ஒரு பேரு, வித்தியாசம் கடைசி எழுத்து ஒண்ணுதான். திருத்தறதுக்கு மில்லுக்காரங்க கையெழுத்து வேணும்னு சொல்லியிருக்காங்க, மில்லு மூடிப் பல வருசமாச்சு. கட்டப்பையில இருந்து பழைய அட்டென்டன்ஸ் கார்டக் கத்தையா எடுத்து மேசைல அடுக்குனாங்க, எண்ணெய் படிஞ்சு கறுத்துப் போய். "இது போதுமாங்க சாமி?"ன்னாங்க. மூடுன மில்லுக்கு வேற யார் சான்று குடுத்தா ஏத்துக்குவாங்கங்கறது எங்க எச்.ஆர். ஆளுக்கு மனப்பாடம். உக்காந்து எழுதிக் குடுத்துட்டாரு. இந்த வேலைக்கு எந்த முதலாளியும் பயப்படத் தேவையில்ல.

நாமக்கல் அக்கா:
அணைப்பக்கத்துத் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். கோபம் புரியுது கண்ணு, ஆனா எல்லாக் கேஸும் ஆத்துத் தண்ணிக் கேஸ் இல்ல. எங்க தெருவுல லாரி டிரைவர் ஒருத்தர் விபத்துல போயிட்டாரு. அவர் பொண்டாட்டி புரோக்கர்கிட்ட கம்மலக் கழட்டிக் குடுத்தா, நஷ்டஈட்டு மனு போடறதுக்குன்னு. கோர்ட் வளாகத்துலயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்குது. பொம்பளைகளுக்கு வருமானம் பாக்காமயே எலவசமா வக்கீல் வெச்சுக் குடுப்பாங்க, 1987-ல வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துலயே இருக்குது. ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. அவளுக்கு ஒருத்தரும் சொல்லல. லாரி ஆபீசுகள்ல 15100-ங்கற எலவசச் சட்ட உதவி நம்பர ஒரு போர்டு எழுதி மாட்டுனாலே அந்தக் கம்மல் தப்பிச்சிருக்கும். அதுக்கு எந்தக் கம்பெனி மாட்டேங்கும்?

நொய்யல்கரை:
எல்லாத்துக்கும் நன்றிங்க. ஆடிட்டர் சார், சி.எஸ்.ஆர்.-1 போட்டாச்சு. தனி முதலாளிகிட்டப் போகாம, பல கம்பெனிக ஒரே பொதுக் கணக்குல போடட்டும், எந்தக் கேஸ எடுக்கறதுங்கறத குடுத்தவங்க இல்லாத குழு முடிவு பண்ணட்டும்னு எழுதிட்டு இருக்கேன். யார்கிட்டயாச்சும் மாதிரி ஒப்பந்தம் இருந்தா அனுப்புங்க.

அணைப்பக்கத்துக்காரன்:
அந்தக் குழுவுல தொழிலாளிக பக்கம் ரெண்டு பேரும், விவசாயி ஒருத்தரும் இருக்கணும். கேஸ் நடக்கற நடுவுல குடுத்த பணத்தத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு மொத வரியிலயே எழுதுங்க. அது இருந்தா எங்க ஊர்ல நானே வந்து பேசறேன்.