குழுவாகத் தீர்த்த சிக்கலுக்கு ஆளுக்கு எத்தனை மார்க்? யோசனை வேண்டும்

வணக்கம். மதுரை கே.கே.நகர் பக்கம் சின்னதாக ஒரு பயிற்சி மையம் நடத்துகிறோம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் இருந்தபடியே வெளியூர் ஐடி குழுக்களோடு வேலை பார்க்கத் தயார்படுத்துகிறோம்.

தலைவலி மார்க் போடுவதில்தான். ஐந்து பேருக்குச் சேர்த்து ஒரு சிக்கலைக் கொடுத்தால் விடை வந்துவிடுகிறது. யார் கண்டுபிடித்தது, யார் சும்மா ‘ஓகே’ போட்டது என்று தெரிவதில்லை. தனியாகத் தேர்வு வைத்தால் அது வேறு திறன். 2015 பிசா (PISA, பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் தேர்வு) தேர்வில் கூட்டாளிகளாக நிஜ ஆட்களுக்குப் பதில் கணினி நடிக்கும் பாத்திரங்களையே வைத்தார்கள். சிக்கல் தீர்க்கும் 4 படிகள், ஒவ்வொன்றிலும் 3 கூட்டுத் திறன்கள், ஆக 12 கூறுகள். ஆனால் அது 15 வயது மாணவர்களுக்கானது. வேலைக்குப் போகிறவர்களை நிஜ ஆட்களோடு மோதவிட்டுத்தான் பார்க்கணும் என்பது என் கட்சி.

இப்போதைய திட்டம்: பழுதான ஒரு செயலியைக் கொடுத்து, பிழைப் பதிவு ஒருவரிடம், வாடிக்கையாளர் புகார் இன்னொருவரிடம் எனப் பிரித்துவிடுவது. கேட்டு வாங்காமல் விடை வராது. யார் கேட்டார், யார் தானாகச் சொன்னார், யார் அடுத்தவர் முடிவைச் சரிபார்த்தார் என்பதை சாட்டில் பார்த்துக் குறிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்படுகிற பிள்ளைகள் இதில் அடிபடுவார்களே (மின்தடை வேறு!), அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இப்படி மதிப்பிட்டவர்கள் உங்கள் படிவத்தைப் பகிருங்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வாடிக்கையாளர் வேஷம் கட்ட முடிந்தவர்களும் சொல்லுங்கள். கோபக்கார வாடிக்கையாளர் என்றால் இன்னும் நல்லது.