ரிவால்வரின் புளூயிங் (இரும்பின் மேலுள்ள கருநீலப் படலம்) உறையிலேயே உரசிப் போகிறது, இப்போது பழுப்புப் புள்ளியும் வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

மிளகுக்கொடி (கருப்பூர் / ஏற்காடு) கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் அப்பா காலத்துக் காப்பித் தோட்டம் கொஞ்சம் இருக்கிறது, சில்வர் ஓக் மரங்களில் மிளகும் ஏற்றியிருக்கிறோம். வீடு கருப்பூர் பக்கம். வாரத்தில் மூன்று நாள் மலைக்குப் போய் வருவேன். சனிக்கிழமை கூலிப் பணம் எடுத்துப் போக வேண்டியிருப்பதால் லைசென்ஸ் வாங்கி ஒரு .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். கான்பூரில் செய்தது, கருநீல புளூயிங். வாங்கி ஆறு வருடம் ஆகிறது.

உறை டவுனில் வாங்கிய தோல் உறை. உள்பக்கம் மெத்தென்று சூயிட் (பஞ்சு போலச் சொரசொரப்பான தோல்) ஒட்டியது. நல்ல உறை என்றுதான் நினைத்திருந்தேன். குழல் வாயைச் சுற்றி விளிம்பில் நீலம் போய் வெள்ளை இரும்பு தெரிகிறது. தோட்டா நிற்கும் சிலிண்டரின் வெளிப்புற மேடுகளிலும் அப்படியே. அதைக்கூட விட்டுவிடலாம். தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச்சில் ஒப்படைத்து ஜூனில் திரும்ப வாங்கினேன். உறையோடு கொடுத்தேன், உறையோடு வந்தது. வீட்டுக்கு வந்து உருவிப் பார்த்தால் குழலின் இடது பக்கத்தில், உறையின் தையல் ஓடும் இடத்துக்கு நேராக, கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். வரி பிடித்து வைத்த மாதிரி இருந்தது. பெல்ட்டில் தோல் வளையங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சையாகப் பாசி போல ஒன்று.

அப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். புள்ளி நிற்கவில்லை, இந்த மழைக்கு இன்னும் இரண்டு கூடியிருக்கிறது. நிக்கல் பூச்சு போட்டுவிடலாமா? பிளாஸ்டிக் உறைக்கு மாறலாமா? அப்பா இருந்திருந்தால் இந்த நிலைக்கு விட்டிருக்க மாட்டார் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

பழைய பட்டாளம்:

தம்பி, எதைச் செய்வதற்கு முன்னாலும் தோட்டாவை எடுத்துவிடுங்கள். திறந்து, சிலிண்டரின் ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்காருங்கள். துடைக்கும்போது நடந்த விபத்துகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன்.

அப்புறம், உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. விளிம்பில் நீலம் போனது உரசலால். எடுத்து எடுத்து வைக்கிற எந்த ஆயுதத்திலும் அது வரும், அதனால் சுடும் தன்மைக்கு ஒன்றும் ஆகாது. பழுப்புப் புள்ளி ஈரத்தால் வந்தது. அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும், விட்டால் குழி விழும். குழி விழுந்தால் எந்தப் பூச்சும் மறைக்காது.

உறை சுமப்பதற்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்தவுடன் ஆயுதத்தை உருவி, துடைத்து, தனியாக வையுங்கள். மூன்று மாதம் தோலுக்குள் கிடந்ததுதான் உங்கள் புள்ளிகளுக்குக் காரணம். அடுத்த முறை ஒப்படைக்கும்போது நன்றாக எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். உறையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னங்குறிச்சி ரவுண்டானா:

புளித்தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், துரு சட்டென்று போய்விடும். நான் அரிவாளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

இரும்பாலை ரிட்டயர்டு:

மேலே சொன்ன நண்பர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள். அரிவாளில் பூச்சு கிடையாது, அதனால் தப்பித்தது. புளூயிங் என்பது பெயின்ட் இல்லை. இரும்பின் மேல்தோலையே காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கொதிக்கும் உப்புக் கரைசலில் போட்டு, கறுப்பு ஆக்சைடாக மாற்றியது. துருவும் இரும்பு ஆக்சைடு, புளூயிங்கும் இரும்பு ஆக்சைடு. அமிலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. புள்ளியோடு சேர்த்து நீலத்தையும் தின்றுவிட்டு வெள்ளை இரும்பாக விட்டுவிடும். அடுத்த நாளே அங்கே புதிதாகத் துரு ஏறும்.

இந்தக் கறுப்புப் படலம் மிக மெல்லியது, நுண்துளை உள்ளது. தனியாக நின்று துருவைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு. அதன் துளைகளில் நிற்கும் எண்ணெயோ மெழுகோதான் காப்பு. உங்கள் உறையில் உள்ள சூயிட் அந்த எண்ணெயை ஒவ்வொரு முறையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, பதிலுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

புள்ளிக்கு இப்படிச் செய்யுங்கள். மெல்லிய துப்பாக்கி எண்ணெய் அல்லது தையல் மிஷின் எண்ணெயைப் புள்ளிகளின் மேல் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் முரட்டுப் பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள், பாதி அதிலேயே வந்துவிடும். மிச்சத்துக்கு, கரண்ட் ஒயரில் இருக்கும் செம்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, எண்ணெயோடு சேர்த்து புள்ளியை மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகை விட மென்மை, குழலைக் கீறாது. அதற்கும் வராவிட்டால்தான் 0000 நம்பர் ஸ்டீல் வூல், அதுவும் எண்ணெயில் நனைத்து, விரல் பாரம்கூடப் போடாமல். துணியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பழுப்பாக வரும் வரை அது துரு. கறுப்பாக வர ஆரம்பித்தால் புளூயிங் வருகிறது, உடனே நிறுத்திவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அது 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். சேலத்தில் உங்களுக்குத் தெரியாது. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் சமையலறைப் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே நிலைதான் ரிவால்வருக்குள்ளும். நாளாக ஆக சிக்குப் பிடித்துப் பிசினாகும். நல்லெண்ணெயும் அப்படியே. முழுக்கத் துடைத்து எடுங்கள்.

மிளகுக்கொடி:

ரொம்ப நன்றி சார். மார்கழிப் பாட்டில் என்றதும் புரிந்துவிட்டது. ரிவால்வரின் சுத்தியலை (ஹேமர்) பின்னால் இழுப்பதே காலையில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத் தூசி எப்போதும் பறக்கும். பைக்கில்தான் போகிறேன். அந்தத் தூள்தான் உறைக்குள் போய் உரசுகிறதோ?

இரும்பாலை ரிட்டயர்டு:

மேக்னசைட் தூள், அதாவது உங்கள் வெள்ளைக்கல் தூசி, பார்க்கத்தான் பயமுறுத்தும், அது மிருதுவான கல். கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் நாலு சொச்சம். உங்கள் கறுப்புப் படலம் ஐந்தரைக்கு மேல். குற்றவாளி மண்ணில் கலந்திருக்கும் படிகக்கல் துகள், அதாவது குவார்ட்ஸ். அது 7. உறையைத் தலைகீழாகப் பிடித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், வெயிலில் மினுமினுக்கும் பொடி விழும். சூயிட் உள்பக்கம் என்றால் அதில் புதைந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். தட்டினாலும் முழுக்கப் போகாது.

பிளாஸ்டிக் உறை, கைடெக்ஸ் என்பார்கள், ஈரத்தைக் குடிக்காது என்பது பெரிய நன்மை. தண்ணீரில் கழுவிக் காய வைக்கலாம். ஆனால் துகள் உள்ளே போனால் அதுவும் கீறும். வாரம் ஒரு முறை கழுவுவீர்கள் என்றால் மழைக்காலத்துக்கு நான் அதையே சொல்வேன்.

அம்மாபேட்டை தோல் வேலை:

அண்ணா, தோலைக் குற்றம் சொல்லி முடித்துவிட வேண்டாம் என்று எழுதுகிறேன். மூன்று தலைமுறையாக இந்த வேலை. கடையில் கிடைக்கும் மெத்து உறைகள் நிறைய குரோம் உப்பில் பதனிட்டவை. அதில் மிச்சம் இருக்கும் உப்பு இரும்புக்கு ஆகாது. உறைக்குப் பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலுக்கு ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகக் கிராக்கி. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம், முழுக்கத் தேன் நிறம் என்றால் பட்டை.

பட்டைத் தோலிலும் துவர்ப்புச் சத்து உண்டு, கொஞ்சம் அமிலம்தான். அதனால் பட்டாளத்து அண்ணன் சொன்னது இதற்கும் பொருந்தும், ராத்திரி உள்ளே வைக்கக் கூடாது. தோட்டாப் பித்தளையில் பச்சை பிடித்ததும் இந்தத் துவர்ப்பும் கொழுப்பும் சேர்ந்துதான். தோல் வளையத்தில் தோட்டாவை விட்டு வைக்காதீர்கள்.

புது உறை தைக்கச் சொன்னால் துப்பாக்கியைக் கொண்டுவந்து எங்களிடம் விடாதீர்கள், நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. காலி செய்த ரிவால்வரை வீட்டில் கெட்டித் தாளில் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள், குழல், சிலிண்டர், பிடி மூன்றின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தச்சரிடம் வேப்ப மரத்திலோ தேக்கிலோ அச்சு ஒன்று செதுக்கச் சொல்லுங்கள். ஈரத் தோலை அந்த அச்சின் மேல்தான் இழுத்து வடிவம் பிடிப்போம். நிழலில்தான் காயும். தைத்துக் கொடுத்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் அச்சையே உள்ளே விட்டு வையுங்கள். ஈரம் முழுக்கப் போனபின் துப்பாக்கி.

உள்பக்கம் சூயிட் வேண்டாம். தோலின் வழவழப்பான முகத்தையே உள்ளே வைத்துத் தைக்கலாம், துகள் புதையாது. உள்ளே ரிவெட் தலையோ பட்டன் தலையோ தெரிந்தால் அதன் மேல் ஒரு தோல் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். பழைய நைலான் துணியை விரலில் சுற்றி உள்ளே ஓட்டிப் பாருங்கள், எங்கே இழுத்துப் பிடிக்கிறதோ அங்கேதான் கீறும். உறை லூசாக இருந்தால் நடக்க நடக்க ஆடி ஆடி உரசும். சரியாகப் பிடித்து நிற்க வேண்டும், எடுக்கும்போது மட்டும் விட வேண்டும். தோலுக்கு எண்ணெய் போட்டு மெதுவாக்க வேண்டாம், பிடி போய்விடும்.

பழைய பட்டாளம்:

தோல் தம்பி சொன்னது அருமை. நிக்கல் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. புளூயிங் மறுபடி போடுவதோ நிக்கல் போடுவதோ, எதுவானாலும் ஆயுத லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான். பிளேட்டிங் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சட்டப்படி உங்கள் மேலும் அவர் மேலும் வழக்கு வரும். பாலிஷ் போடும்போது நம்பர் தேய்ந்தால் அது தனி வில்லங்கம். துரு குழி விழாமல் நின்றுவிட்டால் பூச்சே மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், வெளியே தெரியாமல் மூடி, உங்கள் பிடியில் இருக்க வேண்டும். அதனால் சட்டைக்குள் போகும், வியர்வை படும். கோடையில் அதற்கும் சேர்த்துப் பாருங்கள். உடம்புப் பக்கம் உறையின் தோல் ஒரு மடிப்பு உயரமாக வந்தால் வியர்வை நேராகப் படாது.

ஒண்டிக்கடை சந்து:

நான் மலையில்தான் குடியிருக்கிறேன், அங்கே ஒன்று கவனித்தேன். ஏற்காடு 1500 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. காலையில் சில்லென்று இருக்கும் இரும்பை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்தால், கீழே வெதுவெதுப்பான ஈரக்காற்று. ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல இரும்பு வியர்க்கும். என் கேமராவுக்கு அப்படி ஆனது. வீட்டுக்கு வந்ததும் துடைப்பது போதாது, அரை மணி கழித்து மறுபடி துடையுங்கள்.

இரும்பாலை ரிட்டயர்டு:

மிகச் சரி. அதற்காகத்தான் வெளிப்பக்கம் எண்ணெயை விட மெழுகைச் சொல்கிறேன். எண்ணெயைத் தோல் குடித்துவிடும், தூசியும் ஒட்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் பழம்பொருள்களுக்காக உருவாக்கிய மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பாலிஷ் பொடி கலக்காத கார் மெழுகு. எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு எடுத்து வெளிப்பக்கம் மட்டும் மெல்லப் பூசி, காய்ந்ததும் பளபளக்கத் துடையுங்கள். மறுநாள் இன்னொரு கை. குழலுக்கு உள்ளேயும் அறைகளிலும் மெழுகு வேண்டாம், அங்கே எண்ணெய்தான்.

பூட்டும் பீரோவில் சிலிகா ஜெல் ஒரு பை போடுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். உப்புப் பொட்டலம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மிளகுக்கொடி:

எல்லோரும் சொன்னபடி செய்தேன், அதனால் மறுபடி எழுதுகிறேன். ராத்திரி ஊற வைத்துத் துடைத்ததில் துணி முழுக்க இஞ்சி டீ நிறம். செம்புக் கம்பி வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பது புள்ளியில் ஏழு போன இடமே தெரியவில்லை. இரண்டு இடத்தில் ஊசி முனை அளவு குழி, நகத்தால் தடவினால் தெரிகிறது. மெழுகு இரண்டு கை போட்டுவிட்டேன். பழைய உறையைத் தாளில் தட்டினேன் சார், நீங்கள் சொன்ன மினுமினுப்பு அப்படியே விழுந்தது.

பச்சை பிடித்த தோட்டாக்களில் மூன்றில் பித்தளை அரித்திருக்கிறது. அவற்றை என்ன செய்வது?

பழைய பட்டாளம்:

அந்த மூன்றையும் சுடாதீர்கள், சுரண்டிச் சுத்தம் செய்தும் சுடாதீர்கள். லைசென்ஸோடு வாங்கிய டீலரிடம் கொண்டுபோய்க் கணக்கில் எழுதி ஒப்படையுங்கள். வீட்டில் தனி டப்பாவில் அடையாளம் போட்டு அதுவரை வையுங்கள், நல்லதோடு கலந்துவிடக் கூடாது.

அம்மாபேட்டை தோல் வேலை:

அண்ணா, அச்சு செதுக்கும்போது முன் குறியை (குறி பார்க்கக் குழல் நுனியின் மேலே நிற்கும் மேடு) மறந்துவிட வேண்டாம் என்று தச்சரிடம் சொல்லுங்கள். நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், அப்புறம் உருவும்போது அதுதான் தோலைச் சீவிக்கொண்டு வரும். அந்த இடத்தில் அச்சின் மேல் ஒரு பென்சில் தடிமனுக்குக் குச்சி ஒட்டச் சொன்னால் போதும், நான் அதற்கு உள்ளே ஒரு வாய்க்கால் விட்டுத் தைக்க முடியும்.