புது பல்பு போட்டும் ஹெட்லைட் மங்கல்: எதைப் பார்ப்பது?

பட்டுக்கூடு (பென்னாகரம்):

வணக்கம். என்னுடையது 2012 மாடல் சிறிய பெட்ரோல் கார். எச்4 பல்பு. டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்புக்குள். எங்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்புதான் தொழில். கூடு அறுவடையானால் வெயில் ஏறுமுன் தருமபுரி அங்காடியில் இறக்கியாக வேண்டும். வெப்பத்தில் மூட்டைக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் தரம் போய்விடும். ஏலத்தில் விலையும் போய்விடும். ஆகவே பின் இருக்கையை மடக்கி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, கோழி கூவுமுன் கிளம்பிவிடுகிறேன்.

டிம் போட்டால் காரின் மூக்குக்கு முன்னால் கொஞ்சம் மஞ்சள் தெரிகிறது, அவ்வளவுதான். பிரைட் போட்டால் புளியமரக் கிளைகள் நன்றாகத் தெரிகின்றன, சாலை தெரியவில்லை. பின்விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் இந்தப் பக்கம் ஏராளம். கிட்டத்தில் போன பிறகுதான் கண்ணில் படுகின்றன.

ஒரு கடையில் புது பல்பு போட்டார்கள். பழையதற்கும் புதியதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. அடுத்த கடைக்காரர் 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு போடலாம் என்கிறார். மூன்றாமவர் எல்.இ.டி. என்கிறார். மகள் காரையே மாற்றச் சொல்கிறாள். கூடு விற்ற பணத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தெரிந்தால் போதும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பயணி (ஓசூர்):

அண்ணா, யோசிக்கவே வேண்டாம். எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். பகல் மாதிரி இருக்கும். நான் அதைப் போட்டுக்கொண்டுதான் சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் வரை போய்வருகிறேன். ஒரு குறையும் இல்லை.

பழைய ஒயர்மேன் (கிருஷ்ணகிரி):

குறை உங்களுக்கு இருக்காது தம்பி, எதிரே வருகிறவனுக்கு இருக்கும். நீங்கள் போவது நடுவில் தடுப்பு வைத்த நெடுஞ்சாலை. பென்னாகரம் அண்ணன் ஓட்டுவது எதிர் வண்டி முகத்துக்கு நேரே வரும் சாலை. எச்4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறிய தகட்டுக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே போகாமல் வெட்டிவிடுவது அதுதான். பின்னால் இருந்து வெளிச்சத்தைச் சாலைக்குத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரும் அந்த இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகிறது. அங்கே எல்.இ.டி. சில்லு ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால் வெளிச்சம் தன் இஷ்டத்துக்குச் சிதறும். காருக்கு முன்னால் பளீரென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்குத் திருப்தி. தூரத்துச் சாலை அதே இருட்டில்தான் கிடக்கும்.

பென்னாகரம் அண்ணனுக்கு: பல்பைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது அது வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். மீட்டர் இல்லாமல் பல்பு விற்கிறவரிடம் போகாதீர்கள்.

எஞ்சின் ஓட வேண்டும், டிம் எரிய வேண்டும், பல்பு ஹோல்டரிலேயே இருக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் நல்ல கணக்குத்தான் காட்டும். மின்னோட்டம் இல்லாத ஒயரில் இழப்பும் இல்லை. முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி. பிறகு ஹோல்டரின் பின்பக்கமாக ஊசியை நுழைத்து, பல்பின் டிம் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரியை விட அரை வோல்ட் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றரை, இரண்டு என்று குறைந்தால் அங்கேதான் உங்கள் வெளிச்சம் கரைகிறது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எச்4 போன்ற ஹாலஜன் பல்பில் வோல்டேஜும் வெளிச்சமும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. எச்4 பல்புக்கு 13.2 வோல்ட்டில் டிம் 1000 லூமன், பிரைட் 1650 லூமன் என்று கணக்கு (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு). அதே பல்புக்கு 11.9 வோல்ட் போனால் டிம் ஏறக்குறைய 700-தான் கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தால் பத்தில் மூன்று பங்கு வெளிச்சம் போகிறது. நிறமும் மஞ்சளாகிவிடும். இரண்டு டிம் பல்பும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பாதையில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று 0.2 ஓம் தடை கொடுத்தாலே 1.8 வோல்ட் அவுட். இந்த நிலையில் 100/90 போடுவது ஆபத்து. மின்னோட்டம் கூடும், இழப்பும் கூடும், ஹோல்டர் உருகும். உருகி பல்போடு ஒட்டிப்போன ஹோல்டர்களை எத்தனையோ வெட்டி எடுத்திருக்கிறேன்.

பெரும்பாலும் கோளாறு எர்த் பக்கம்தான், அதாவது மின்சாரம் பல்பிலிருந்து காரின் உடல் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில். மீட்டரின் ஒரு ஊசியைப் பல்பின் எர்த் காலிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, வெறும் இரும்பு தெரியவைத்து முறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ். செலவு ஒன்றுமில்லை.

அதன் பிறகும் இழப்பு இருந்தால் ரிலே, அதாவது பேட்டரி மின்சாரத்தை நேராகப் பல்புக்கு விடும் சிறிய மின்காந்த ஸ்விட்ச். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர், டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்றாக இரண்டு ரிலே, பீங்கான் ஹோல்டர். ரிலேயின் கால்களில் 30 என்ற எண் பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 86 பழைய ஸ்விட்ச் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. ஆனால் சில கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். அங்கே இந்த இணைப்பு பொருந்தாது. ஒயரிங் படம் பார்க்காத ஆளை அதில் கை வைக்க விடாதீர்கள்.

இன்னொன்று. பிரைட்டில் புளியமரம் தெரிகிறது என்றீர்கள். பின்னால் மூட்டை ஏற்றினால் காரின் மூக்கு தூக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறிய சக்கரம் இருக்கிறதா? பாரம் ஏற்றும்போது அதைத் திருப்பினால் விளக்கு தாழும். ஆள் மட்டும் போனால் 0.

ஆசிரியை (அரூர்):

ஒயர்மேன் ஐயா சொன்னது சரி. ஆனால் வெளிக் கண்ணாடியை அவர் தொடவே இல்லை. 2012 மாடல் என்றால் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிரில் மேல்பூச்சு செத்து மஞ்சளாகிவிடும். எங்கள் கார் முழுக் கோடையும் அரூர் வெயிலில் பள்ளி வாசலில் நின்ற கார். நானே தேய்த்து எடுத்தேன்.

பற்பசை வைத்தியம் வேண்டாம். தேய்த்த அன்று மின்னும், சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். பெயின்ட் கடையில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் கேளுங்கள்: 800, 1500, 2000, 3000. விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒரு தாள் குறுக்காக என்றால் அடுத்தது நெடுக்காக. 800-இல் பழைய பூச்சு முழுவதும் போகும்வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டால் நடுவில் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துப் பயமுறுத்தும். வீட்டில் எல்லோரும் வந்து பார்த்து இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். 3000 முடித்து பாலிஷ் காம்பவுண்ட் போட்டதும் தெளிந்துவிடும்.

இத்தோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள், ஏனென்றால் காப்புப் பூச்சை நாமே உரித்துவிட்டோம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். டிங்கரிங் கடையில் மற்ற வேலையோடு சேர்த்து அடித்துத் தருவார்கள். நீங்களே அடிப்பதானால் திறந்த வெளியில், சரியான முகமூடியோடு அடியுங்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

தேய்க்க உட்காருமுன் பல்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாகக் கைப்பேசி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பூச்சு மங்கியிருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் வீண். துணி விட்டுத் துடைத்துவிடவும் வேண்டாம். அந்தப் பூச்சு கையோடு வந்துவிடும்.

இரவுப்பயணி (ஓசூர்):

எல்.இ.டி. பற்றி இவ்வளவு கோபமா? கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வருகிற கார்கள் ஓடவில்லையா?

பழைய ஒயர்மேன் (கிருஷ்ணகிரி):

ஓடுகின்றன. அவற்றில் விளக்கு முழுவதும் எல்.இ.டி.க்கென்றே செய்தது. எனக்குக் கோபம் எல்.இ.டி. மேல் இல்லை, ஹாலஜனுக்கென்று செய்த விளக்குக்குள் அதைத் திணிப்பதில்தான்.

பட்டுக்கூடு (பென்னாகரம்):

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் பாப்பாரப்பட்டியில் கிடைத்தார். பேட்டரியில் 14.1. பல்பில் இடது 12.3, வலது 11.8. எர்த் பக்கம் மட்டும் வலதில் 0.9 போயிருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது பச்சைப் பூஞ்சை மாதிரி உப்பு பூத்திருந்தது. இரண்டு பக்கமும் சுரண்டி முறுக்கிய பிறகு இரண்டிலும் 12.7. ரிலேயும் போட்டுவிடலாம் என்கிறார். இந்தக் காரில் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம்தான் என்று படத்தை வைத்துக் காட்டினார்.

அந்த எண் போட்ட சக்கரமும் இருக்கிறது. மூட்டையோடு 2-இல் வைத்தேன். புளியமரம் போய்ச் சாலை வந்துவிட்டது.

டீச்சரம்மா சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது உள்ளே பளபளப்பாக இருக்கிறது, அதைத் தேய்த்துக்கொள்ளலாம். வலது உள்ளே சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வலதை மட்டும் மாற்றலாமா, ஜோடியாக வாங்க வேண்டுமா? இணையத்தில் பாதி விலைக்கு வெளிநாட்டுச் சரக்கு ஒன்று கிடைக்கிறது.

பழைய ஒயர்மேன் (கிருஷ்ணகிரி):

வலது மட்டும் போதும். இடதைத் தேய்த்துக் கிளியர் கோட் அடித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பல்பை மட்டும் ஜோடியாக மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கில் ஒரு விஷயம். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்துப் போட்ட விளக்கு என்றால், நேர் முன்னால் நின்று அந்தக் குறிக்குப் பக்கத்தில் பாருங்கள். நம்மைப் போல் சாலையின் இடப்பக்கம் போகும் நாடுகளுக்கான விளக்கில், பார்க்கிற உங்களுக்கு வலப்பக்கமாகக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் ஆகும். அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் போகும் நாட்டுச் சரக்கு. டிம் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண் பக்கமாக ஏறும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாட்டிய பிறகு சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் வெட்டுக்கோடு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்து விழ வேண்டும், இடது ஓரத்தில் மட்டும் மேலே ஏற வேண்டும். அன்றைக்கு மூட்டை இல்லாமல், சக்கரத்தை 0-வில் வைத்துப் பாருங்கள்.