1979-ல் வந்த படங்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேட்னி ஷோ:

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வெட்டி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழ் சினிமாவில் ஒரு வருடத்தை எடுத்துக்கொள்வது, அந்த வருடத்தின் முக்கியமான படங்கள் என்று ஐந்தே ஐந்தைத் தேர்ந்தெடுப்பது. ஆறாவதுக்கு இடம் கிடையாது. "இதையும் ஓரமா சேர்த்துக்கலாமே" கிடையாது. சில வருடங்கள் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும், ஐந்து தேறுமா என்று தேடித் துழாவிய வருடங்களும் உண்டு. 1979-ல் வந்து வசமாக மாட்டிக்கொண்டோம். போன மாதம் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓடுகிறது. ஒருத்தர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய், அப்புறம் சமாதானமாகித் திரும்பி வந்தார்.

ஏன் என்று படங்களின் பெயரைச் சொன்னாலே புரிந்துவிடும். ஜனவரியில் திரிசூலம். சித்திரைப் பிறப்புக்கு ஒரே நாளில் புதிய வார்ப்புகளும் நினைத்தாலே இனிக்கும் படமும். பிறகு ரோசாப்பூ ரவிக்கைக்காரி, கல்யாணராமன், நிறம் மாறாத பூக்கள், ஆறிலிருந்து அறுபது வரை. தீபாவளிக்கு உதிரிப்பூக்கள். வருடக் கடைசியில் சுவர் இல்லாத சித்திரங்கள், அழியாத கோலங்கள், பசி. இதில் எதைத் தூக்கிக் கடாசுவது?

எனக்குப் பிடித்ததா, ஓடியதா, விருது வாங்கியதா என்பதையெல்லாம் நான் பார்க்கவில்லை. ஒரு படம் வந்த பிறகு, அதுவரை யாரும் துணியாத ஒன்றை அடுத்தவன் துணிந்து செய்ய முடிந்ததா, அதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் முதல் பெயர் உதிரிப்பூக்கள், அதில் எங்களுக்குள் யாருக்கும் சண்டையில்லை. நான் அதை முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில், தேய்ந்துபோன பிரின்ட்டில். வசனம் பாதி காதில் விழவில்லை. விழாமலே கதை புரிந்தது என்பதை வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உணர்ந்தேன். இத்தனைக்கும் அதை இயக்கிய மகேந்திரன், தங்கப்பதக்கத்துக்குக் கதை வசனம் எழுதியவர். சிவாஜி பேசுவதற்கென்று அனல் பறக்க எழுதிய கை, புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, கடைசியில் ஊரே ஒருவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு அடிதடி கூட வைக்கவில்லை. கூட்டம் நிற்கிறது, அவன் பேசுகிறான், தண்ணீருக்குள் இறங்குகிறான். உங்களையும் என்னைப் போல் ஆக்கிவிட்டேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு என்கிற மாதிரி அவன் சொல்லும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் "அடப்பாவி" என்றான். வில்லனைச் சொன்னானா, டைரக்டரைச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து பசி, அழியாத கோலங்கள், புதிய வார்ப்புகள், ஆறிலிருந்து அறுபது வரை. இதுதான் இப்போதைக்கு என் ஐந்து. அந்தப் படங்களை நீங்கள் எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் பட்டியல் வேண்டாம், அது எங்களிடமே நிறைய இருக்கிறது.

தரை டிக்கெட்:

அண்ணே, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு 1979 என்ற வருடம் 1980-லும் 81-லும்தான் வந்தது. டவுன் தியேட்டரில் ஓடி முடித்து, அடுத்த ஊருக்குப் போய், பெட்டி எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும்போது பிரின்ட்டில் மழை பெய்துகொண்டிருக்கும். எந்தப் படம் எந்த வருடத்துப் படம் என்று யார் பார்த்தார்கள்? சாயங்காலம் 'விநாயகனே வினைதீர்ப்பவனே' குழாயில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஓடிப்போய் மணலைக் கூட்டி மேடு கட்டி உட்கார்ந்தால், பின்னால் இருப்பவன் அதைக் காலால் தட்டிச் சரிப்பான். நிஜச் சண்டைக்காட்சி அங்கேதான்.

அந்தக் கொட்டகையில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், திரிசூலம் இல்லாத 1979 பட்டியல் செல்லாது. சிவாஜிக்கு 200-வது படம், அப்பா ஒருத்தர், பிள்ளைகள் இரண்டு பேர் என்று மூன்று வேடம். கன்னடத்தில் ராஜ்குமார் செய்த சங்கர் குருவின் தமிழ் வடிவம்தான், கதை ஒன்றும் புதிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டெலிபோன் காட்சி! பல வருடம் பிரிந்திருந்த மனைவியின் குரலைப் போனில் கேட்டு சிவாஜி உருகுகிறாரே, "சுமதி" என்று கூப்பிடுவாரே, அதைச் செய்து காட்டாத மிமிக்ரி கலைஞர் தமிழ்நாட்டில் உண்டா? இன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்கள் கொட்டகையில் பீடிப் புகைக்கு நடுவே பெரிய ஆட்களெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். ஒன்ஸ்மோர் கேட்டு ரகளை செய்து, ஆபரேட்டர் ரீலைத் திருப்பிப் போட்ட பிறகுதான் படம் மேலே நகர்ந்தது.

மகேந்திரன் வசனத்தைக் குறைத்தார் என்கிறீர்கள், சரி. குறைக்க வேண்டும் என்று தோன்ற வைத்தது எது? இந்த மாதிரிப் படங்கள்தானே. எம்ஜிஆர் 1977-ல் முதலமைச்சராகி நடிப்பை விட்டாயிற்று, அவர் நடித்த கடைசிப் படம் மறு வருடம் ஜனவரியில் வந்து போய்விட்டது. பழைய ஆட்டத்தில் மிச்சம் இருந்தவர் சிவாஜி ஒருத்தர்தான். அவரும் ஒதுங்கிவிட்டார், புது ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எழுதிவிடுவது சுலபம். 1979-ல் அவர் ஒதுங்கவில்லை, வெளுத்து வாங்கினார். அதை மறைத்துவிட்டு வருடத்தைச் சொன்னால் எப்படி?

காலைக்காட்சி:

நான் பசிக்காக வந்தேன். திரிசூலம் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை.

பசி பார்த்தபோது எனக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும், தியேட்டரில் இல்லை, அத்தை வீட்டு டிவியில். கதாநாயகி ஷோபாவுக்கும் அந்தப் படம் நடிக்கும்போது ஏறக்குறைய அதே வயதுதான் என்று அத்தை சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சென்னைக் குடிசையில் காகிதம் பொறுக்கும் குப்பம்மா. அவளை ஏமாற்றுகிற லாரிக்காரன் பெயரைக் கடைசிவரை ஊருக்குச் சொல்ல மாட்டாள். அப்பாவாக டெல்லி கணேஷ், ரிக்ஷாக்காரர். பின்னாளில் அவரைச் சிரிப்பு வேடங்களில் பார்த்தே பழகிய என் தம்பிகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் நம்பவே மாட்டார்கள். அந்தப் பேச்சு இருக்கிறதே, மெட்ராஸ் பாஷை, அதுவரை படங்களில் நகைச்சுவை நடிகர்கள் சிரிக்க வைப்பதற்காகப் பேசியது. இதில் வீடே அதைத்தான் பேசுகிறது, அழும்போதும் அதில்தான் அழுகிறார்கள். எனக்கு அந்தப் படம் முக்கியமானது அதனால்தான், தேசிய விருதினால் இல்லை. ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது, 1980 மே 1-ம் தேதி அவர் போய்விட்டார். 17 வயது. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத மனம் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும். பசியையும் அழியாத கோலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் அதே டிசம்பர். ஒன்றில் குப்பம்மா, இன்னொன்றில் பையன்கள் வாய் பிளந்து பார்க்கிற இந்துமதி டீச்சர். நடை, குரல், புடவை நிற்கிற விதம், எதுவும் ஒட்டவில்லை. அதே வருடம் ஏணிப்படிகள் வேறு. ஐந்து படம் என்று எண்ணுவதற்குப் பதிலாக ஷோபாவின் வருடம் என்று எழுதிவிட்டுப் போங்களேன், சண்டை தீர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. பசியை எடுத்த துரை அதே வருட ஆரம்பத்தில் என்ன எடுத்தார் தெரியுமா? நீயா! கமல், ஸ்ரீப்ரியா, பாம்பு பழி வாங்குகிற கதை, இந்தி நாகினைத் தமிழில் செய்தது. ஒரே ஆள், பொங்கலுக்குப் பாம்பு, டிசம்பரில் குப்பம்மா. அந்தக் காலத்து இயக்குநர்களைக் கலை, கமர்ஷியல் என்று இரண்டு பெட்டியில் போடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று பார்க்க ஆசை.

பால்கனி:

நினைத்தாலே இனிக்கும் எங்கே? கமலும் ரஜினியும் நாயகர்களாகச் சேர்ந்து நடித்தது தமிழில் அந்த வருடத்தோடு முடிந்தது. இதுவும் அலாவுதீனும் அற்புத விளக்கும் வந்தன, அவ்வளவுதான், அதற்குப் பிறகு தில்லுமுல்லுவில் கமல் தலைகாட்டிவிட்டுப் போனதோடு சரி. ஆளுக்கு ஒரு மார்க்கெட், ஆளுக்கு ஒரு ரசிகர் மன்றம், தீபாவளிக்கு இரண்டு கட்-அவுட் என்று அடுத்த முப்பது வருடம் ஓடிய வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி இங்கேதான். 2013-ல் டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டபோது என் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். சுண்டுவிரலைப் பணயம் வைத்து சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்கிற அந்தப் பந்தயம் வந்ததும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். சண்டை கிடையாது, கார் துரத்தல் கிடையாது, ஒரு சிகரெட், ஒரு கத்தி. பாட்டெல்லாம் எம்எஸ்வி. இளையராஜா ஊரையே வளைத்துப் போட்டிருந்த நேரத்தில் வந்த பாட்டுகள் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

மேட்னி ஷோ:

நல்லாத்தான் மாட்டிவிட்டிருக்கிறீர்கள் எல்லோரும்.

தரை டிக்கெட் சொன்ன திரிசூலம் வாதத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அது அந்த வருடத்தின் மிகப்பெரிய நிகழ்ச்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அது திறந்துவிட்ட கதவு எது? அதற்குப் பிறகு யாரும் அந்த அளவில் செய்ய முடியவில்லை, சிவாஜியாலேயே முடியவில்லை என்பதுதான் என் எண்ணம். ஒரு சகாப்தத்தை அமர்க்களமாக முடித்து வைத்த படம். முடித்து வைப்பதும் முக்கியம்தானே என்று கேட்டால், கேட்கலாம். எங்கள் குரூப்பில் கோபித்துக்கொண்டு போனவரும் அதைத்தான் கேட்டார்.

நினைத்தாலே இனிக்கும் விஷயத்தில் பால்கனி சொன்னது பலமான வாதம், ஆனால் அது அந்த இரண்டு பேரின் முடிவைப்பற்றிய வாதம், படத்தைப்பற்றியது இல்லை. அதனால்தான் நான் ஆறிலிருந்து அறுபது வரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பெரியப்பா ஒருமுறைதான் பார்த்தார், இரண்டாவது முறை டிவியில் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மூத்த பிள்ளை. தம்பிகளைப் படிக்க வைத்தவர். அச்சகத்தில் வேலை பார்த்துக் கூடப்பிறந்தவர்களைக் கரையேற்றுகிற சந்தானம், அவர்கள் ஆளானதும் வாசலில் நிற்க வைக்கப்படுகிற அந்த இடத்தில், பறக்கும் சிகரெட்டோ ஸ்டைலோ கிடையாது. தோள் தொங்கிய ரஜினி. எஸ்.பி.முத்துராமன் எடுத்தார், பஞ்சு அருணாசலம் எழுதினார். மறு வருடம் ஜனவரியில் பில்லா, டிசம்பரில் முரட்டுக்காளை. முரட்டுக்காளையும் இதே முத்துராமன், பஞ்சு கூட்டணிதான் என்பது என் வயிற்றெரிச்சல். ரஜினி எந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம் என்பதற்கு 1979-ல் ஒரு சாட்சி இருக்கிறது, அதை நான் விடமாட்டேன்.

புதிய வார்ப்புகள் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதில் எனக்கு வருத்தம். மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியாரை, பாரதிராஜா தன் உதவியாளர் பாக்யராஜையே, கதாநாயகனாக நிற்க வைத்தார். அதே வருடம் நவம்பரில் அந்த உதவியாளர் சுவர் இல்லாத சித்திரங்களை இயக்கிவிட்டார். பாக்யராஜ் இல்லாத எண்பதுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரைக்கதை என்று தனியாக ஒருவரின் பெயரைச் சொல்லி ஜனம் படத்துக்குப் போனது யாரால்? ஆனால் இரண்டில் எதை வைப்பது, நடிக்க வந்ததையா, இயக்க வந்ததையா? இதில் எனக்கே இன்னும் முடிவில்லை, இப்போதைக்கு புதிய வார்ப்புகள்.

காலைக்காட்சி சொன்ன துரை சங்கதியை குரூப்பில் போட்டேன், அரைமணி நேரம் எல்லோரும் பாம்புப் படங்களைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், வேலை நடக்கவில்லை. ஷோபாவின் வருடம் என்று எழுதும் யோசனைக்கு மூன்று பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எதிர்ப்பவர் விஜயன் ரசிகர். உதிரிப்பூக்கள், பசி, நிறம் மாறாத பூக்கள் மூன்றிலும் அவர்தானே, அப்போது அது விஜயன் வருடம் ஆகாதா என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை.

ஆக முதல் நான்கு அப்படியே: உதிரிப்பூக்கள், பசி, அழியாத கோலங்கள், புதிய வார்ப்புகள். ஐந்தாவது இடத்தை ஆறிலிருந்து அறுபது வரைக்கும் திரிசூலத்துக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்புக்கு விட்டிருக்கிறோம். ரோசாப்பூ ரவிக்கைக்காரிக்காக வாதாட யாராவது இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள், சிவகுமாரின் 100-வது படம், இப்படி அனாதையாக விடக்கூடாது. அடுத்தது 1980. ஜானி, நெஞ்சத்தைக் கிள்ளாதே, வறுமையின் நிறம் சிவப்பு, நிழல்கள், மூடுபனி, ஒரு தலை ராகம். யார் குரூப்பை விட்டுப் போகப் போகிறார்களோ.