53 மீட்டர் வேரும் எங்கள் கண்மாயும்

ஒருபோகத்தான் (மேலூர்):
எங்கள் ஊர்க் கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை அடுத்த மழைக்குள் அடியோடு அகற்றுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டோம். இந்த மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழம் இறங்கி நிலத்தடி நீரைக் குடிக்கிறது; காற்றில் உள்ள ஈரத்தையும் விட்டுவைப்பதில்லை. மரத்தை அகற்றினால் ஒரே ஆண்டில் கிணறுகளில் நீர் ஊறும். இதில் ஐயப்பட எதுவுமில்லை.

நீர்பாய்ச்சி மகன்:
எனக்கு ஐயம் இருக்கிறது. 53 மீட்டர் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அந்த வேரை அளந்தது நம் மண்ணில் அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகருக்கு அருகே, சுரங்கத்துக்காகத் தோண்டிய குழியில் கண்ட வேர் என்று 1960களில் பதிவானது அது. பாலை நிலத்தில் கண்ட ஒரு வேரின் அளவை மேலூர்க் கண்மாயில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒட்டவைப்பது என்ன நியாயம்? கடந்த சித்திரையில் எங்கள் கிணற்றைத் தூர்வாரியபோது, கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்ற சீமைக் கருவேலத்தின் வேரைக் கயிற்றில் இறங்கி நானே பார்த்தேன். 14 அடியில் விரல் தடிமன் இருந்தது. 20 அடியில் நூலாக மெலிந்து பாறையோடு முடிந்துவிட்டது. காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது என்பதும் தவறு. எந்த மரமும் வேரால் எடுத்த நீரை இலை வழியே காற்றில் விடுகிறதே தவிர, காற்றை உலர்த்தி மழையைத் தடுப்பதில்லை.

ஒருபோகத்தான்:
தம்பி, ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள். நம் பக்கம் போர்வெல்லில் நீர் வருவதே பாறை வெடிப்பில்தான். நீர் போகிற வெடிப்பில் வேர் போகாதா? உங்கள் கண்ணுக்கு நூலாகத் தெரிந்தது வெடிப்புக்குள் நுழைந்து எவ்வளவு தூரம் போயிற்று என்று அளந்தீர்களா? 53 மீட்டர் என்று அளந்து பதிவு செய்தவர்கள் மடையர்கள் அல்லர்.

நீர்பாய்ச்சி மகன்:
முதலில் ‘தம்பி’ என்பதை விட்டுவிடுங்கள். எனக்கு 58 வயது. என் தகப்பனார் 30 ஆண்டுகள் அந்தக் கண்மாயின் மடையைத் திறந்து மூடியவர். மடையர் என்பதை வசவாக எழுதும்போது எந்த வேலையைச் சொல்கிறோம் என்று யோசித்து எழுதுங்கள். வெடிப்புக்குள் வேர் போகும் என்றால், எத்தனை அடி என்று காட்ட வேண்டியவர் 53 மீட்டர் என்று சொன்ன நீங்கள்தான்.

காரியாபட்டிக் கரி வியாபாரி:
வேர் எத்தனை மீட்டர் என்று சண்டையிடும் இருவருக்கும் நெல் விளைகிற நிலம் இருக்கிறது. எங்களுடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மரத்தின் கரிமூட்டம்தான். வெட்டினால் மறுபடி துளிர்க்கிற விறகு இதைவிட்டால் எங்களுக்கு ஏது? அடியோடு அகற்றுவோம் என்று பேசுகிறவர்கள் அடுத்த நாள் எங்கள் அடுப்புக்கு என்ன வழி என்றும் கூட்டத்தில் பேசியிருக்க வேண்டும்.

நாகமலை நடையர்:
உங்கள் பிழைப்பை மதிக்கிறேன். புகையையும் கணக்கில் எடுங்கள். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசித் தீயிட்ட மூட்டம் நாள்கணக்கில் புகைகிறது. மார்கழி விடியலில் அந்தப் புகை மேலே எழாமல் பனியோடு சேர்ந்து தெருவிலேயே படிந்து கிடப்பதையும், திண்ணையில் படுத்திருந்த முதியவர் எழுந்து உட்கார்ந்து இருமுவதையும் உங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். சீமைக் கருவேலம் போக வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் காரணம் வேர் அல்ல. அதன் நிழலில் வேறு செடிகள் தலையெடுப்பதில்லை. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பிவிடுகின்றன. 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த கொள்கையும் அயல் தாவரங்களை அகற்றுவதோடு நிற்காமல் சூழலை மீட்டெடுக்கச் சொல்கிறது.

ஒருபோகத்தான்:
ஆக, மரம் போக வேண்டும் என்று நாகமலை நடையரும் ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு 53 மீட்டரை மறுப்பதில் யாருக்கு என்ன லாபம்? உள்வாய் மரத்தை ஏலம் எடுத்தவர்களுக்குத்தான் லாபம். கடந்த முறை ஏலத்தில் வந்த பணம் மிகுநீர் வழியும் கலுங்கு வரை வந்து எங்கே போயிற்று என்று நீர்பாய்ச்சி மகனைக் கேளுங்கள்.

நீர்பாய்ச்சி மகன்:
ஏல நோட்டு என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அதை வைத்திருந்தவர் அன்றைய கூட்டத்தில் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சை மாற்றாதீர்கள். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக வெட்டினார்களே, அப்போது நம் கண்மாயில் என்ன நடந்தது? பொக்லைன் இறங்கியது, மரத்தை இழுத்த இடமெல்லாம் ஆளுயரப் பள்ளம் விழுந்தது, கரையோரத்து மண் சரிந்தது. மரத்தின் அடித்தூர் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றதால் அடுத்த ஆவணியில் ஒரு தூருக்கு ஏழெட்டுக் கிளை வெடித்து, முன்னைவிட அடர்ந்தது. கிணற்றில் நீர் ஊறியதா? ஊறவில்லை. ஏனென்றால் கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் மேட்டு நிலத்தில் வரப்பாகிப் போயிருக்கிறது. அதற்கும் மேலே கல் வெட்டிய குழிகளில் மழைநீர் பச்சையாகத் தேங்கி நிற்கிறது. கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டுக்குள் நூற்றுக்கணக்கான அடிக்குப் போர்வெல் போட்டுக் கரும்புக்கு நீர் இறைக்கிறோம், நானும் நீங்களும்தான். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு வேரின் தலையில் பழியைப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். அந்த மலையும் சுனையும் கண்மாயும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் அங்கே லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை இன்னும் பறக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.21 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை எதிர்த்து நம் மக்கள் மதுரைக்கு நடந்தார்கள். 2025 சனவரியில் ஏலம் ரத்தானது. மலையையும் நீர்வரத்தையும் காக்க வேண்டும் என்று அன்று முழங்கிய நாம், நம் வரத்துக்காலை அளக்கச் சொல்லி ஒரு மனுவாவது கொடுத்தோமா?

காரியாபட்டிக் கரி வியாபாரி:
புகையைச் சொன்னவருக்கு ஒரு கேள்வி. கல்குவாரித் தூசியும் செங்கல் சூளைப் புகையும் உங்கள் கண்ணில் படவில்லையா? ஏழையின் மூட்டம் மட்டும்தான் காற்றைக் கெடுக்கிறதா?

நாகமலை நடையர்:
அவையும் கெடுக்கின்றன. அதனால் உங்கள் மூட்டம் சுத்தமாகிவிடாது.

ஒருபோகத்தான்:
டங்ஸ்டன் போராட்டத்துக்கு நானும் நடந்தேன். எனக்கு அரிட்டாபட்டியைப் பாடம் எடுக்க வேண்டாம். வேர் 53 மீட்டர் இறங்கும் என்பதற்குப் பதிவு இருக்கிறது; இறங்காது என்பதற்கு உங்களிடம் ஒரு கிணறு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பொக்லைன் வருகிறது.

நீர்பாய்ச்சி மகன்:
அந்தப் பதிவு அரிசோனாவில் இருக்கிறது, கண்மாய் இங்கே இருக்கிறது. வண்டி வரட்டும். தூரை வேரோடு எடுத்து, பள்ளத்தை அன்றே மூடி, அந்த இடத்தில் நாட்டுக் கருவேலமும் மருதும் வைக்க ஆள் இருந்தால் நானே முதல் மண்வெட்டியோடு வருவேன். மடைக்கு இருபுறமும் முப்பதடிக்குள் பொக்லைன் பக்கெட் இறங்குவதாக இருந்தால், வண்டிக்கு முன்னால் நிற்பதும் நான்தான்.