காந்தம் இழுத்ததா, சூடாக்கியதா?

ஹட்டன்வாசி: "கையில் ஊசி போட்டு வெளியே காந்தத்தைப் பிடித்தால் மருந்து நேராகப் புற்றுநோய்க் கட்டிக்கு ஓடும், ஜெர்மனியில் 2010 இலேயே அனுமதித்துவிட்டார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே அளந்திருக்கிறார். 2010 இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது மூளைக் கட்டிக்கான சூட்டுச் சிகிச்சைக்கு. இரும்பு ஒட்சைட்டு நனோ துணிக்கைகளைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தி, திசை மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தால் சூடேற்றினார்கள். இழுக்கவில்லை.

கொழுந்துக்கூடை: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்ல வாய் கூசுகிறதோ? 1996 இல் ஜெர்மன் மருத்துவர் லூபேயின் குழுவினர் எபிரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் காந்தத் துணிக்கைகளில் ஏற்றி 14 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வெளியே காந்தம் வைத்தார்கள். இழுத்தது.

ஹட்டன்வாசி: ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான் கட்டிவரை போனது. அதை ஏன் விழுங்கினீர்கள்?

கொழுந்துக்கூடை: பாதிப்பேருக்கு இழுத்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி ஐயா.

ஹட்டன்வாசி: தோலை ஒட்டிய கட்டி வேறு, ஈரலுக்குள் இருக்கும் கட்டி வேறு. காந்தத்திலிருந்து விலக விலக விசை சரிந்துவிடும். பத்து நனோமீற்றர் துணிக்கையை ஓடும் இரத்தத்தில் மறிப்பது, சென்கிளயர் அருவியில் விழுந்த குண்டூசியைத் தலவாக்கலை பாலத்தில் நின்று காந்தத்தால் பிடிப்பது போல. இரத்தத்தில் விட்ட துணிக்கைகளில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொள்ளும். சாதாரண தரப் பிள்ளைக்குப் புரியும்.

பதுளை அக்கா: என் மாமனாரை வாய்ப்புற்றுநோய்க்காக விடியற்காலை பஸ்ஸில் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவள் நான். காந்தம் கிடக்கட்டும், வெற்றிலையோடு புகையிலையை நிறுத்தச் சொல்ல தோட்டத் தொழிலாளர் இருக்கும் லயத்துப் பக்கம் யார் வருகிறார்கள்?

மஸ்கெலியா தம்பி: உடனே லயத்துக்கு வந்துவிட்டீர்களே அக்கா! கொழும்பில் யாரும் மெல்லுவதில்லையா?

பதுளை அக்கா: நானும் லயத்தில் பிறந்தவள்தான் தம்பி. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஹட்டன்வாசி: பேச்சை மாற்றாதீர்கள். போன மாதம் தேயிலை குடித்தால் புற்றுநோய் குணமாகும் என்று எழுதியவரும் இதே கூடைதான்.

கொழுந்துக்கூடை: 'தடுக்கும் என்கிறார்கள்' என்றுதான் எழுதினேன். கண்ணாடியை மாற்றுங்கள்.

ஹட்டன்வாசி: கண்ணாடி இருக்கட்டும். 2010 இல் இழுத்ததா, சூடாக்கியதா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

கொழுந்துக்கூடை: 1996 இல் இழுத்தது.

ஹட்டன்வாசி: நான் கேட்டது 2010.

மஸ்கெலியா தம்பி: அக்கா, கொழும்பைப் பற்றிக் கேட்டேனே?