வாஃபன் எஸ்எஸ் டிவிஷன்கள்: 38 என்ற எண்ணிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (வாசகன்):
வணக்கம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் வாஃபன் எஸ்எஸ் (நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பின் போர்ப்படைப் பிரிவு) 38 டிவிஷன்களை, அதாவது பல ரெஜிமென்ட்கள் கொண்ட பெரும் படையணிகளை, கொண்டிருந்ததாகப் படித்தேன். அவை அனைத்தும் ஒரே அமைப்பும் ஒரே வலிமையும் உடையவையா? ஒரு டிவிஷனுக்குள் என்னென்ன பிரிவுகள் இருந்தன, களத்தில் அவற்றுக்கு யார் கட்டளையிட்டார்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (படைநூல் ஆர்வலன்):
38 என்பது வரிசை எண்ணே தவிர, ஒரே நேரத்தில் களத்தில் நின்ற டிவிஷன்களின் தொகை அன்று. 23, 33 போன்ற எண்கள், முதலில் அவற்றைப் பெற்ற பிரிவு கலைக்கப்பட்டதும் வேறொன்றுக்குத் தரப்பட்டன. 1945-இல் எண் பெற்ற பல டிவிஷன்கள் டிவிஷனைவிடச் சிறிய படையணியான பிரிகேடின் அளவைக்கூட எட்டவில்லை. பான்சர் (டாங்கி) டிவிஷன் என்ற தகுதியை அடைந்தவை ஏழு மட்டுமே: லைப்ஸ்டான்டார்ட்டே, தாஸ் ரைஷ், டோட்டன்கோப்ஃப், வீகிங், ஹோஹென்ஸ்டாஃபன், ஃப்ருண்ட்ஸ்பெர்க், ஹிட்லர்யூகெண்ட்.

1944-இல் இத்தகைய பான்சர் டிவிஷன் ஒன்றில், ஏட்டளவில், இரண்டு பட்டாலியன்கள் கொண்ட ஒரு டாங்கி ரெஜிமென்ட், இரண்டு பான்சர்கிரெனடியர் (டாங்கிகளுடன் வண்டிகளில் செல்லும் காலாட்படை) ரெஜிமென்ட்கள், ஒரு பீரங்கி ரெஜிமென்ட் ஆகியவற்றுடன் வேவு, பொறியாளர், விமான எதிர்ப்பு, டாங்கி எதிர்ப்பு, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான பட்டாலியன்களும் வழங்கல், பழுதுபார்ப்பு, மருத்துவப் பிரிவுகளும் இருந்தன. வழக்கமான ஜெர்மன் ராணுவத்தின் பான்சர் டிவிஷனில் ஒவ்வொரு பான்சர்கிரெனடியர் ரெஜிமென்ட்டிலும் இரண்டு பட்டாலியன்களே இருக்க, இங்கே மூன்று இருந்தன. காலாட்படை வலிமையில் இவை மேலோங்கியிருந்ததற்கு இது முக்கியக் காரணம். ஆயினும் அந்தப் பட்டாலியன்களில் பெரும்பாலானவை லாரிகளில்தான் சென்றன. கவச வண்டிகள் பொதுவாக ஒரு பட்டாலியனுக்கே கிடைத்தன.

பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரில் ஈடுபட்டபோது முதல் மூன்று டிவிஷன்களும் பான்சர்கிரெனடியர் என்றே அழைக்கப்பட்டன; ஆனால் ஒவ்வொன்றிடமும் டாங்கிகள் இருந்தன, டைகர் என்ற கனரக டாங்கிகளின் கம்பெனி ஒன்றும் இருந்தது. அப்போது அவை எஸ்எஸ் தளபதி ஹௌசரின் எஸ்எஸ் பான்சர் கோருக்குள் (பல டிவிஷன்களைக் கொண்ட படையணி) இருந்தன. அந்தக் கோரோ ராணுவத் தளபதி ஹோத்தின் 4-ஆம் பான்சர் ஆர்மியின் கீழ் போரிட்டது. களத்தில் கட்டளை ராணுவத்திடம், ஆள்சேர்ப்பு, பயிற்சி, பதவி உயர்வு ஆகியவை எஸ்எஸ் தலைவர் ஹிம்லரின் அலுவலகங்களிடம் என்பதே பொதுவான ஏற்பாடு.

மறுமொழி (கீழைக்களம்):
டிவிஷன்கள் இப்படிப் பெருகியதற்கான காரணத்தையும் சேர்க்க வேண்டும். ஜெர்மன் குடிமக்களை ராணுவச் சேவைக்கு அழைக்கும் உரிமை ராணுவத்திடம் இருந்ததால், எஸ்எஸ் ஆள்சேர்ப்புத் தலைவர் கோட்லோப் பெர்கர் எல்லைக்கு வெளியே திரும்பினார். யூகோஸ்லாவியாவின் பானாட் பகுதியின் ஜெர்மானிய வம்சாவளியினரைக் கொண்டு பிரின்ஸ் ஆய்கன், பொஸ்னிய முஸ்லிம்களைக் கொண்டு ஹாண்ட்ஷார், லாட்விய, எஸ்தோனிய டிவிஷன்கள் என அணிகள் உருவாயின. சில இடங்களில் தொண்டர் என்ற பெயர் வெறும் பெயரே. உண்மையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களே மிகுதி. டிவிஷன்களின் பெயரில் இருந்த வேறுபாடு எஸ்எஸ் கடைப்பிடித்த இனப் படிநிலையையே காட்டியது: ஜெர்மானிய இனத்தவராகக் கருதப்படாதோரின் அணிகள் ‘எஸ்எஸ் டிவிஷன்’ என்று அல்லாமல், ‘எஸ்எஸ்-இன் ஆயுத டிவிஷன்’ என்றே பதிவாயின.

மறுமொழி (ஆவணம்):
அமைப்பு வரைபடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. டோட்டன்கோப்ஃப் 1939-இல் தியோடோர் ஐக்கேயின் தலைமையில் வதைமுகாம் காவலர்களைக் கருவாகக் கொண்டு அமைந்தது. போர்க்காலம் முழுவதும் முகாம்களுக்கும் களப் பிரிவுகளுக்கும் இடையே ஆட்கள் மாற்றப்பட்டனர். 1940 மே மாதம் பிரான்ஸின் லெ பாரடியில் சரணடைந்த பிரிட்டிஷ் வீரர்களைக் கொன்றது அதே டிவிஷன். 1944 ஜூனில் பிரான்ஸின் ஓரடூர் கிராம மக்களை அழித்தது தாஸ் ரைஷ். ‘வெறும் போர்வீரர்கள்’ என்ற பிற்காலத் தற்காப்பு வாதத்தை நியூரம்பெர்க் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 1946-இல் வாஃபன் எஸ்எஸ் உள்ளிட்ட எஸ்எஸ்-ஐக் குற்ற அமைப்பாக அறிவித்தது. விருப்பமின்றிக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, குற்றம் ஏதும் புரியாதவர்களுக்கு விலக்கு அளித்தது.